பேலியாகட்டாவில் காந்தியார்

காந்தியாரின் சரிதத்தைப் பௌத்தப் பத்திரிகையில் எழுதுவதா என்று உபாசக அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1932ஆம் ஆண்டு எரவாடாச் சிறையில் அவர் இருந்த பட்டினி நம்மவர் நெஞ்சில் இன்றும் முள்ளாய்த் தைத்திருக்கிறது. அதை நாம் மறந்தோமில்லை. ஆயினும், பகைகொண்ட இரு கூட்டத்தார் எவ்வாறு மன்னிப்புக்கு வருகின்றனர் என்று ஆராயப் புகுவோர், அவர் கல்கத்தாவில் கழித்த நாட்களைக் கடந்து செல்ல இயலாது.

அவர் 1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். லண்டனில் பாரிஸ்டராகி, 1893இல் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே வெள்ளை எசமானனிடம் அடிபட்டுப் பல் உடைந்து அவரிடம் வந்த பாலசுந்தரம் ஒரு தமிழ் ஒப்பந்தக் கூலியாள். கூலிகளின் துயரை அவர் நெருங்கி அறிந்தது அவராலேதான். 1915இல் தாயகம் திரும்பிய பின் நிகழ்ந்தவற்றை அன்பர்கள் அறிவர். நேரே கல்கத்தாவுக்குச் செல்வோம்.

1946 ஆகஸ்டு 16ஆம் நாள், முஸ்லிம் லீக் அறிவித்த நேரடி நடவடிக்கை நாளன்று, அந்நகரில் கொலை தொடங்கிற்று. நான்கு நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இரு சமயத்தாரும் கொன்றனர், இரு சமயத்தாரும் செத்தனர். ஆனால் கூட்டத்தின் மனம் தன் பிணங்களை மட்டுமே எண்ணும். வங்காளத்தின் முதன் மந்திரியாயிருந்த சுஹ்ரவர்தியே குற்றவாளி என்று இந்துக்கள் கொதித்தனர்.

ஓராண்டு சென்றது. நவகாளி செல்லும் வழியில் கல்கத்தா வந்த காந்தியாரை, அங்கேயே தங்கித் தம்மைக் காக்குமாறு முஸ்லிம்கள் வேண்டினர். சுஹ்ரவர்தி தம்முடன் ஒரே கூரையின்கீழ் வசிக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்தார். 1947 ஆகஸ்டு 13ஆம் நாள் இருவரும் பேலியாகட்டாவில் ஹைதரி மன்சில் என்னும் பாழடைந்த வீட்டில் புகுந்தனர். இந்து இளைஞர் கல்லெறிந்து வரவேற்றனர்.

மறுநாள் மாலை நிகழ்ந்ததே இச்சரிதத்தின் உயிர். கூட்டம் சுஹ்ரவர்தியைக் கூவி அழைத்தது. காந்தியார் அவரைச் சன்னலருகே தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சென்ற ஆண்டுக் கொலைக்கு நீர் பொறுப்பல்லவா என்று ஒருவர் கேட்டார். நாம் எல்லோருமே பொறுப்பு என்ற கருத்தில் அவர் விடையிறுத்தார். கூட்டம் விடவில்லை. பிறகு, பொறுப்பு தம்முடையதே என்று ஒப்புக்கொண்டார். அக்கணமே கூச்சல் தணிந்தது. எல்லோரும் பொறுப்பு என்பது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அச்சொல் ஒருவர் நெஞ்சையும் ஆற்றாது. என் பக்கத்துப் பிழை என்னுடையது என்ற சொல்தான் ஆற்றும்.

நாம் ஆலையில் உழைத்த நாளில் இரு சங்கத்தாருக்குள் அடிதடி நேர்ந்து, சமாதானக் கூட்டம் மூன்று முறை கூடிக் கலைந்ததைக் கண்டிருக்கிறோம். இரு தரப்பாரும் எதிரியின் குற்றப்பட்டியலை மட்டுமே எழுதிவந்தனர். தம் பட்டியலை ஒருவரும் எழுதிவரவில்லை.

பகவன் புத்தர் இதனை நன்கறிந்தவர். சங்கம் இரு பிளவாகிப் பூசலிட்டால், புல்லால் மூடுதல் என்னும் ஒரு முறையை விநயம் வகுத்துள்ளது. இரு தரப்பிலும் ஒவ்வொரு பிக்கு எழுந்து, தம் தரப்பார் அனைவருக்குமாகத் தம் தரப்பின் பிழைகளை அறிக்கையிடுவார். எதிர்த்தரப்பின் பிழையைப் பேச அங்கே இடமில்லை. பெருங்குற்றங்களை இவ்வாறு மூட விநயம் இடங்கொடுக்கவில்லை என்பதையும் அன்பர்கள் கருத்தில் வைக்க வேண்டும். கொலை புல்லால் மூடத்தக்கதன்று.

அமைதி இரண்டு வாரமே நீடித்தது. ஆகஸ்டு 31ஆம் நாள் இரவு ஓர் இந்துக் கும்பல் அவ்வீட்டையே தாக்கிற்று. காந்தியார்மீது தடியும் செங்கல்லும் வீசப்பட்டன, அவர் தப்பினார். மறுநாள், தம் எழுபத்தேழாம் வயதில், அவர் உண்ணாநோன்பு தொடங்கினார். கலகம் செய்த இளைஞர் ஆயுதங்களைக் கொண்டுவந்து அவர் முன்னே வைத்தனர். செப்டம்பர் 4ஆம் நாள், இனிக் கலகம் மூள விடோம் என்று பல கட்சித் தலைவர்களும் கையொப்பமிட்டுத் தந்த பின்னரே, 73 மணி நேர நோன்பு முடிந்தது. பழச்சாற்றைக் கையில் தந்தவர் சுஹ்ரவர்தி.

இவ்விரு பட்டினிகளையும் நாம் பல இரவு எடைபோட்டுப் பார்த்ததுண்டு. 1932இல் பட்டினியின் பாரம் அடிபட்டவர் தலையில் ஏறிற்று; தனித்தொகுதியை விட்டு அண்ணல் அம்பேத்கர் கையொப்பமிட நேர்ந்தது. 1947இல் அப்பாரம் கல்லெடுத்த கையின்மீது ஏறிற்று. ஆயுதம் ஒன்றே, நோக்கிய திசை வேறு. சாதி இந்துக்கள் பிராயச்சித்தம் செய்ய வேண்டுமென்று பின்னர் அவர் ஊர் ஊராய்ச் சென்று சொன்னது உண்மை. ஆனால் அக்குற்றம் எங்களுடையது என்று நம் சேரிக்கு எதிரே ஒரு சன்னலில் எவரும் வந்து நின்றதை நாம் கண்டதில்லை.

செப்டம்பர் 7ஆம் நாள் காந்தியார் டில்லிக்குப் புறப்பட்டார். 1948 ஜனவரி 30ஆம் நாள் அங்கே தம் சமயத்தான் ஒருவனால் சுடப்பட்டு இறந்தார். ஹைதரி மன்சில் இப்போது காந்தி பவனம் என்ற பெயரில் காட்சிச்சாலையாக உள்ளது. புத்தகயை யாத்திரையில் ஹௌராவில் வண்டி மாறும் அன்பர்கள் ஒரு பொழுது ஒதுக்கி அங்கே சென்று வரலாம்.