உழைப்பாளர் சிலை தந்த பயில்வான்

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வார்ப்படத் தொழிலில் காலம் தள்ளுகிற எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பெயரைச் சொன்னால் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

1899-ல், இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பக்கம் தாஜ்ஹாட்டில் ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். குஸ்தி, வேட்டை, புல்லாங்குழல், வங்காளிச் சிறுகதை என்று எதையும் விட்டு வைக்கவில்லை. மனுஷன் நிஜமாகவே பயில்வான்!

1929-ல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவரானார். அது 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தொடங்கியது. அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் இவரே. 1957 வரை இருந்தார். கே.சி.எஸ். பணிக்கரும் தனபாலும் இவருடைய மாணவர்கள்.

அந்தக் காலத்துச் சென்னையில் பெரிய சிலை என்றால் தீவுத்திடல் பக்கம் நிற்கும் மன்றோ துரை மாதிரிதான். குதிரை மேல் கவர்னர். லண்டனில் செய்து கப்பலில் வந்தது. ராய் சௌத்ரி நிறுத்தியதோ பெயரில்லாத நாலு உழைப்பாளிகளை. 1959 ஜனவரியில் கடற்கரைக்கு வந்த அந்த வெண்கலச் சிலையில், நால்வரும் ஒரு பெரும் பாறையை நெம்புகிறார்கள். பாறை இன்னும் புரளவில்லை. புரளுமா புரளாதா என்கிற அந்த நொடியைத்தான் பிடித்து வைத்திருக்கிறார்.

ஜமீன் வீட்டுப் பிள்ளைக்குக் கூலிக்காரன் கஷ்டம் என்ன தெரியும் என்று எங்கள் ஷிப்டு நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் குஸ்திக்காரனுக்குப் பாரம் தெரியும். மூச்சை அடக்கித் தள்ளும்போது எந்த நரம்பு புடைக்கும், குதிகால் எப்படி ஊன்றும் என்பது உடம்பால் கற்றது. முகத்தில் சிரிப்பு வைத்து அழகு பண்ணாமல் விட்டாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1954-ல் லலித் கலா அகாதெமியின் முதல் தலைவர், 1958-ல் பத்மபூஷண். மெரினா காந்தி சிலையும் இவர் கைவண்ணமே. 1975-ல் காலமானார். தில்லியில் தண்டி யாத்திரையைக் காட்டும் பதினோரு உருவச் சிலை அவர் மறைந்த பிறகுதான் முடிந்தது.

அடுத்த தடவை மெரினா போகும் தம்பி தங்கைகள் ரோட்டிலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பின்பக்கம் போய் அந்த முதுகுகளையும் பாருங்கள்.