இழுப்போடு 94 ஆண்டு வாழ்ந்த இராஜாஜி

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசிக்கே குளிர் வந்துவிடும். ஊரெல்லாம் அருவிக்கு ஓடும். ஆனால் சில வீடுகளில் ஒருவர் மட்டும் போர்வைக்குள் உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு இழுப்பு!

ஆஸ்துமா என்னும் இந்த இழுப்பு இராஜாஜிக்கும் இருந்தது. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யின் அருமை நண்பர் அவர்.

1878-ம் ஆண்டு, ஓசூர் அருகே தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்தார். சேலத்தில் பெயர் பெற்ற வக்கீல். காந்தியடிகள் அழைத்ததும் தொழிலை உதறினார். 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போனார். 3 மாதத் தண்டனை. அங்கும் இழுப்பு அவரை விடவில்லை.

இது மனக்கோளாறு என்று அந்தக் காலத்தில் சொன்ன டாக்டர்களும் உண்டு. மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிச் சுருங்குவதால் இரைப்பு வருகிறது என்பது இன்று தெரியும். வீக்கத்தைத் தணிக்கும் 'இன்ஹேலர்' மருந்து, 1972-ல்தான் பிரிட்டனில் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி இராஜாஜி மறைந்தார்!

அந்த மருந்து இல்லாமலே அவர் காலம் கழிந்தது. எளிய சைவ உணவு உண்டார். மதுவைத் தொடவில்லை. நோயைச் சாக்குச் சொல்லி முடங்கவும் இல்லை. 1930 ஏப்ரலில், 51-வது வயதில், உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார். சுமார் 150 மைல்! 1962-ல், 83-வது வயதில், அமெரிக்கா சென்று ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்தார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி வேண்டினார்.

இழுப்பு உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பீடி, சிகரெட் கூடாது. அடுப்புப் புகை, கொசுவர்த்திப் புகை, ஒட்டடை, தலையணைத் தூசி, ஈரச் சுவரில் பூக்கும் பூஞ்சை எல்லாம் இழுப்பைத் தூண்டும். குளிர்காற்றும் சிலருக்கு ஆகாது. ஒருவருக்கு ஆகாதது மற்றவரை ஒன்றும் செய்யாது. ஆகவே, தனக்கு எது ஆகவில்லை என்று கவனித்து விலக வேண்டும். தினமும் அளவோடு நடப்பது நல்லது.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது வீண் பயம். இரைப்பு நின்றதும் தாமாகவே மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. டாக்டரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும்.

இராஜாஜிக்குக் கிடைக்காத மருந்து இன்று நமக்குக் கிடைக்கிறது. அவருக்கு இருந்த மனஉறுதியை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்!