நீச்சற்குளம் ஈந்த நெசவாளர் மைந்தர்

ஒப்புரவு அறிந்தவரிடம் சேர்ந்த செல்வத்தை நீர் நிறைந்த ஊருணிக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். அவ்வுவமையை மெய்ப்பிப்பார் போலத் தாம் பிறந்த ஊருக்குக் குளமொன்றையே கொடையாக அளித்த செல்வர் அன்ட்ரூ கார்னெகி ஆவார்.

ஸ்கொத்லாந்து நாட்டு டன்பேம்லின் என்னும் சிற்றூரிலே, 1835 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கைத்தறி நெசவாளர். நீராவித் தறிகள் பெருகவே கைத்தறிக்கு வேலை அருகியது. வறுமையுற்ற அக்குடும்பம் 1848 இல் அமெரிக்கா சென்றது. சிறுவர் கார்னெகி பருத்தி ஆலையொன்றில் நூற்சுருள் மாற்றும் வேலைக்கு அமர்ந்தார். கூலி வாரத்துக்கு 1 டொலர் 20 சதம். பின்னர்த் தந்தி நிலையத்திலும் புகையிரதப் பகுதியிலும் பணியாற்றி, ஈற்றில் உருக்கு ஆலைகளின் அதிபராய் உயர்ந்தார். 1878, 1879 ஆம் ஆண்டுகளில் உலகைச் சுற்றி வந்தபோது நம் இலங்கையையும் கண்டு சென்றார்.

செல்வம் திரளத் தொடங்கியதும் அவர் நெஞ்சம் பிறந்த ஊரை நாடியது. டன்பேம்லின் மக்களுக்காக அவர் அமைப்பித்த பொது நீச்சற்குளம் 1877 இல் திறக்கப்பட்டது. அவர் பெயரை உலகறியச் செய்த நூலகங்களுள் முதலாவது அவ்வூரில் திறக்கப்பட்டது அதற்குப் பின், 1883 இலேயாம். செல்வர் தம் பொருளைச் செலவிடத் தக்க துறைகளை 1889 இல் எழுதியபோதும், பல்கலைக்கழகம், மருத்துவமனை முதலியவற்றோடு நீச்சற்குளத்தையும் சேர்த்து எண்ணினார். 1905 இல், உடற்பயிற்சிக்கூடத்துடன் கூடிய பெரிய குளமொன்று அவ்வூரில் எழுந்தது.

கொடை நிலைத்து நிற்கும் வழியையும் அவர் அறிந்திருந்தார். நூலகம் வேண்டிய ஊரார் நிலம் தருதல் வேண்டும். கொடைத் தொகையிற் பத்திலொரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்குதலும் வேண்டும். டன்பேம்லின் நலனுக்கோ 1903 இல் 25 இலட்சம் டொலர் மூலதனத்தோடு தருமநிதியம் ஒன்றை நிறுவினார்.

இவ்வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. 1892 இல், அவருடைய ஹோம்ஸ்ரெட் உருக்காலையில் கூலிக்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் போராடினர். நிருவாகம் கூலிக்கு அமர்த்திய காவற்படையோடு நிகழ்ந்த மோதலில் இருபக்கத்திலும் உயிர்கள் மாண்டன, தொழிற்சங்கம் முறிந்தது. கார்னெகி அப்போது ஸ்கொத்லாந்தில் இருந்தார். ஆயினும் பழி அவரை விட்டு அகலவில்லை. 1898 இல் அவ்வாலைத் தொழிலாளருக்கு நூலகமும் அதனுள்ளே நீச்சற்குளமும் அளித்தார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலை முன் நின்றவருள் எத்தனை பேருக்கு நீந்தும் வலு எஞ்சியிருக்கும்?

1901 இல் ஆலைகளை விற்ற கார்னெகி, 1919 ஓகஸ்ட் 11 இல் மறையும் முன்னர்த் தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஈந்துவிட்டார்.

அன்பர்களே! உப்புவெளி மாணவருக்குக் கடல் வீட்டு முற்றம் போன்றது. ஆயினும் வடகீழ்ப் பருவக்காற்றில் அது கொந்தளிக்கும் திங்கள்களில் புதிதாய் நீந்தப் பழகுவோர் அதில் இறங்கலாகாது. ஆழம் அளந்து, பயிற்றுநரும் காவலரும் நிற்கும் பொதுக்குளம் இத்தகைய ஊருக்குப் பெரும்பேறாகும். அதற்குப் பொருள் திரட்ட எண்ணும் பழைய மாணவர் இப்பெரியாரின் வாழ்விலிருந்து இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்வாராக. திறப்பு விழா முடிந்தபின் நீருக்கும் துப்புரவுக்கும் பயிற்றுநர் ஊதியத்துக்கும் ஆண்டுதோறும் பணம் தருபவர் யார்? வலையிழுக்கவும் கடையிற் பணிசெய்யவும் செல்லும் பிள்ளைக்கு அங்கே வந்து நீந்த ஒரு மணி நேரம் கிடைக்குமா? இவ்விரண்டுக்கும் விடை கண்டபின் அடிக்கல் நாட்டுவதே முறை.