வெறுங்கால் சலீம்

ஆண்டு 1936. நம்மை வெள்ளையன் ஆண்ட காலம். கிளாஸ்கோ நகரிலே, செல்டிக் கழகப் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து, ஓர் இந்தியனின் பாதத்துக்குத் துணிக்கட்டுப் போடுகிறார்! புகைப்படம் இன்றும் உண்டு, தோழர்களே.

அந்தப் பாதம் முகமது சலீமுடையது. 1904-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1934-இல் கல்கத்தா லீக் பட்டத்தை முதன்முதலாக வென்ற இந்தியக் கழகமான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் வலக்கோடி ஆட்டக்காரர். பூட்ஸ் அறியாத கால். பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஏரி வற்றினால் அங்கே பந்துதைக்கும் நம் பிள்ளைகளின் கால் போலவே!

செல்டிக்கின் இரண்டாம் அணிக்கு ஆடினார். கால்ஸ்டன் 7-1 எனத் தோற்றது. ஏடுகள் புகழ்ந்தன, இருக்கச் சொன்னார்கள். ஊர் நினைவு விடவில்லை. தமக்குத் தருவதாகச் சொன்ன வசூல் பங்கை அநாதைக் குழந்தைகளுக்கே விட்டுவிட்டுக் கப்பலேறினார். என்ன மனம்! 1980-இல் மறைந்தார்.