பம்பரத்துக்கு கணக்கு போட்ட பேராசிரியை!

கயத்தாறு தெருக்களில் பசங்க சாட்டை சுற்றி விடும் பம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். கடைசல் சரியாக இருந்தால் நின்று விளையாடும். கனம் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால் கண்டபடி ஆடும். அந்த ஆட்டத்துக்குள்ளும் கணக்கு உண்டு என்று காட்டியவர், ரஷ்யாவின் சோபியா கோவலெவ்ஸ்காயா.

1850-ல் மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா ராணுவ ஜெனரல். கிராமத்து பங்களாவில் சுவரில் ஒட்டும் அலங்காரக் காகிதம் தீர்ந்துபோக, குழந்தைகள் அறையில் மட்டும் அப்பாவின் பழைய கணித பாடக் குறிப்புகளை ஒட்டிவிட்டார்கள். சிறுமி சோபியா மணிக்கணக்கில் அந்த சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

அப்போது ரஷ்ய பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமில்லை. வெளிநாடு போகணும் என்றால் அப்பாவோ கணவரோ சம்மதிக்கணும். விடுவாரா சோபியா? 1868-ல் விளாதிமிர் என்ற வாலிபரைக் கல்யாணம் செய்துகொண்டார். பேருக்குத்தான் கல்யாணம், படிக்கப் போக அதுதான் பாஸ்போர்ட்!

பெர்லின் பல்கலைக்கழகமும் கதவைச் சாத்தியது. கணித மேதை வயர்ஸ்ட்ராஸின் வீட்டுக்கே போய் நின்றார். தட்டிக்கழிக்க நினைத்த அவர், கஷ்டமான கணக்குகளாகப் பார்த்துக் கொடுத்து அனுப்பினார். ஒரே வாரத்தில் அத்தனைக்கும் விடை! அசந்துபோன பேராசிரியர் 4 வருஷம் தனியாகவே பாடம் நடத்தினார். 1874-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. நவீன ஐரோப்பாவில் கணிதத்தில் இந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண் இவர்தான்.

பட்டம் சரி, வேலை? சொந்த நாட்டில் கிடைத்ததெல்லாம் பள்ளிக்கூட சிறுமிகளுக்கு கூட்டல் கழித்தல் சொல்லித்தரும் வாய்ப்புதான். இப்படியே 9 வருஷம் ஓடியது. பேருக்கு நடந்த கல்யாணம் நிஜமாகி, பெண் குழந்தையும் பிறந்தது. 1883-ல் தொழிலில் நொடித்துப்போன கணவர் தற்கொலை செய்துகொண்டார். கையில் 4 வயது மகள்.

அந்த வருஷக் கடைசியில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகம் அழைத்தது. ஆரம்பத்தில் சம்பளம் கிடையாது, மாணவர்கள் கட்டும் பணம்தான். 1884-ல் பேராசிரியை ஆனார், அதுவும் 5 வருஷத்துக்கு மட்டும். பெண் பேராசிரியையா என்று பிரபல எழுத்தாளர் ஸ்டிரிண்ட்பெர்க் பத்திரிகையில் பொரிந்து தள்ளினார். (இந்தியாவில் காதம்பினி, சந்திரமுகி பாசு என்ற இரண்டு பெண்கள் முதன்முதலாக பி.ஏ. பட்டம் வாங்கியதே 1883-ல்தான்.)

பதில் 1888-ல் வந்தது. சுழலும் பொருளின் கணக்கில் அதுவரை ஆய்லர், லக்ராஞ்சி இரண்டு பேரும் ஆளுக்கொரு வகைக்குத்தான் முழு விடை கண்டிருந்தார்கள். மூன்றாவது வகை, கனம் ஒதுங்கிய பம்பரம். அதை சோபியா முடித்தார். பாரிஸ் அறிவியல் அகாடமி போட்டியில் யார் எழுதியது என்ற பெயர் தெரியாமலே நடுவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். கட்டுரையின் தரத்தைப் பார்த்து 3 ஆயிரம் பிராங்க் பரிசை 5 ஆயிரமாகவும் உயர்த்தினார்கள்.

1889-ல் ஸ்டாக்ஹோமில் வேலை நிரந்தரம் ஆச்சு. ரஷ்ய அறிவியல் அகாடமி கவுரவ வரிசையில் பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டது, வேலை தரவில்லை.

1891 பிப்ரவரி 10-ந்தேதி நிமோனியா காய்ச்சலில் சோபியா இறந்தபோது வயது 41. அடக்கம் செய்யப்பட்டதும் ஸ்டாக்ஹோமில்தான். மகள் பின்னாளில் டாக்டர் ஆனார்.