கையொப்பம் இல்லாத கணக்கு

ஃப்ரீமான்ட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் நாங்கள் தவறாமல் கூட்டிப்போகும் இடம் கோல்டன் கேட் பாலம். அங்கே தலைமைப் பொறியியலாளர் ஜோசப் ஸ்ட்ராஸின் சிலை நிற்கிறது. ஆனால் அந்தப் பாலம் தாங்குமா என்று கணக்குப் போட்டவர் சார்ள்ஸ் எல்லிஸ் என்ற இன்னொருவர்.

எல்லிஸ் 1876இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தார். பட்டப்படிப்பில் அவர் எடுத்த பாடங்கள் கணிதமும் கிரேக்க மொழியும். பாலக் கட்டமைப்பை வேலையோடு வேலையாகக் கற்று, இலினோய் பல்கலைக்கழகத்தில் அதே துறைக்குப் பேராசிரியரானார். 1922இல் சிக்காகோவில் ஸ்ட்ராஸின் நிறுவனத்தில் சேர்ந்தார்.

ஸ்ட்ராஸ் முதலில் வரைந்தது பாரமான, கலப்பு வகைப் பாலம். பிறகு அது முழுத் தொங்கு பாலமானது. கோபுரங்களுக்கிடையே 4,200 அடி. கோபுரத்தின் உயரம் 746 அடி. தன் பாரம், வாகனங்களின் பாரம், கடற்காற்று, வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் இரும்பு, நிலநடுக்கம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பாகமும் ஈடுகொடுக்க வேண்டும். கட்டமைப்புப் பொறியியலாளரின் பொறுப்பு அதுதான். நியூயோர்க்கிலிருந்த லியோன் மொய்சீஃபோடு கலந்துபேசி, கணினி இல்லாத அந்தக் காலத்தில் எல்லிஸ் இவற்றைக் கையாலேயே கணக்கிட்டார்.

காலத்தையும் பணத்தையும் வீணாக்குகிறார் என்று சொல்லி, 1931 இறுதியில் ஸ்ட்ராஸ் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். வேறு வேலை கிடைக்கவில்லை. அப்போதும் எல்லிஸ் மாதக்கணக்கில், சம்பளமில்லாமல், கோபுரக் கணக்குகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்.

1934இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1937 மே 27 அன்று பாலம் திறக்கப்பட்டபோது அவர் பெயர் எங்கும் இல்லை. 1949இல் இறந்தார். 1989இல் இந்தப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தையும் பாலம் தாங்கி நின்றது. அவர் பெயரோடு ஒரு பலகை அங்கே வைக்கப்பட்டது 2012இல்தான்.

எங்கள் கணக்காளர் தொழிலில் கையொப்பம் வைத்தவரே பொறுப்பாளி. எல்லிஸிடமிருந்து கையொப்பத்தைப் பறித்தார்கள். பொறுப்பை அவர் விடவில்லை. ஊரில் படித்த பட்டம் இங்கே செல்லாமல், இன்னொருவர் ஒப்பமிடும் கோப்புகளைத் தயாரிப்பவர்கள் எங்களிடையே நிறையப்பேர். பெயர் வராத வேலையையும் பிழையில்லாமல் செய்வது அடிமைத்தனம் அல்ல. அந்தக் கணக்கை நம்பிப் பாலத்தில் ஏறுகிறவர்களுக்கு நாங்கள் காட்டும் மரியாதை அது. ஆனால் உரியவர் பெயரை 75 வருடம் கழித்து எழுதுவது மரியாதை ஆகாது. மேசைத் தலைவராக இருப்பவர்கள் அதை அன்றைக்கே எழுதிவிட வேண்டும்.