பல்லால் இசை கேட்ட எடிசன்

எங்கள் அம்மப்பாவுக்குச் செல்வீச்சு ஒன்றுக்குப் பிறகு வலது காது கேட்காது. மின்சாரம் இல்லாத 90களின் யாழ்ப்பாணத்தில், அண்ணா சைக்கிளைக் கவிழ்த்துவைத்து பெடலைச் சுற்றுவான். டைனமோவில் ரேடியோ வேலை செய்யும். அம்மப்பா பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தபடி செய்தி கேட்பார். தோமஸ் அல்வா எடிசனைப் பற்றி வாசித்தபோது அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

1847இல் பிறந்த எடிசனுக்குச் சிறுவயதிலேயே காது மந்தமாகிவிட்டது. 1877இல் தகரத்தாளில் குரலைப் பதிந்து, அதைத் திரும்ப ஒலிக்கச்செய்து உலகையே வியக்கவைத்தவர் அவர்தான். நன்றாகக் கேட்கவேண்டுமென்றால் ஒலிப்பெட்டியின் மரத்தைப் பல்லால் கடிப்பார். அதிர்வு தாடை எலும்பு வழியாக உட்செவிக்குப் போகும். தன் இசைத்தட்டுகளில் யார் பாடவேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்தார். குரல் நடுங்கினால் அவருக்குப் பிடிக்காது. பியானோ மேதை ரஹ்மானினோவ் 1919இல் எடிசன் கம்பனிக்கு வாசித்துவிட்டு, அடுத்து போட்டியாளரான விக்டர் கம்பனிக்குப் போய்விட்டார்.

1912இல் வைரமுனை ஊசியுடன் வந்த அவருடைய தட்டுகள் தடிப்பானவை, விலை கூடியவை. அவை உயிருள்ள குரலுக்கு ஈடானவை என்று எப்படி நம்பவைப்பது? 1915 முதல் ஊர் ஊராக மேடை போட்டார்கள். பாடகி இசைத்தட்டுடன் சேர்ந்து பாடுவார், இடையில் வாயை மூடுவார், தட்டு தொடரும். பிறகு விளக்கை அணைப்பார்கள். வெளிச்சம் வரும்போது மேடையில் பாடகி இருக்கமாட்டார். 1916இல் நியூயோர்க் கார்னெகி மண்டபத்தில் மரி ரப்போல்ட் இப்படிப் பாடினார். வித்தியாசம் தெரியவில்லை என்று பலர் சொன்னார்கள்.

இதைப் பரிசோதனை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பாட்டையும் பாடகியையும் இருட்டு விழும் கணத்தையும் தெரிவுசெய்தது விற்பவர்தான். எது மனிதக் குரல், எது தட்டு என்று ஒவ்வொருவரையும் எழுதித்தரச் சொல்லி யாரும் எண்ணிப்பார்க்கவில்லை. அதற்காகக் காதால் கேட்பதே வீண் என்றும் சொல்லமாட்டேன். கிபிர் வருகிறதா, ஹெலியா என்று பங்கருக்குள் இருந்தே சொன்ன சனம் நாங்கள். கேட்டதைச் சொன்னால் ஆதாரம் எங்கே என்று இன்றும் எங்களிடம் கேட்கிறார்கள். ஆனால் நாங்கள் சொன்னது சரியா பிழையா என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். எடிசனின் மண்டபத்தில் பிழைவிட்டவருக்கு ஒன்றும் நடக்காது. வெளியே போய் ஒரு பெட்டி வாங்குவார், அவ்வளவுதான்.

1925இல் மைக்ரோபோன் மூலம் மின்சார ஒலிப்பதிவு வந்ததும் பழைய தட்டின் குறை எல்லோருக்கும் கேட்கத் தொடங்கியது. எடிசன் கம்பனி 1929 ஒக்டோபரில் இசைத்தட்டுத் தயாரிப்பை நிறுத்தியது. 1931 ஒக்டோபர் 18இல் அவர் இறந்தார். அந்த மேடைகளில் அதிகம் பாடியவர்களில் ஒருவரான அன்னா கேஸ், முதுமையில்தான் விஷயத்தைச் சொன்னார். தட்டின் ஒலியளவுக்குப் பொருந்தும்படி தன் குரலைத் தணித்தே பாடினாராம்.